இரண்டு சாவி

1/
அமெரிக்காவில் வீடு வாங்கி, புல் வெட்டும் மெஷின் வாங்கி, கிரில் வாங்கி, அதுக்கு அடுத்ததா துப்பாக்கியும் வாங்கியிருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு இந்த இழை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும்தான். "இந்தக் கருமம் எதுக்குங்க இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் அவர்களது வீட்டில் உள்ளவர்களுக்கும்தான். கொஞ்சம் நீளம். காபி போட்டுட்டு வந்து உட்காருங்க.

2/
முதலிலேயே சொல்லிடறேன். இது துப்பாக்கி வேணுமா வேணாமாங்கிற பஞ்சாயத்து இல்ல. அந்தச் சண்டைக்கு டிவி இருக்கு. நான் டெக்சாஸில் பொது மருத்துவர். என் வீட்டிலும் துப்பாக்கி இருக்கு. அதனால மேடையில ஏறி உபதேசம் பண்ற ஆள் இல்ல நான். பக்கத்து மேசையில உட்கார்ந்து துப்பாக்கி துடைக்கிறவன், கூடவே டாக்டர். அவ்வளவுதான்.

3/
ஒரு முன்னறிவிப்பு. பாதிக்கு மேல தற்கொலை பத்திப் பேசுவேன். அந்த எண்ணத்தோட இப்ப போராடிக்கிட்டு இருக்கீங்கன்னா, இதையெல்லாம் படிக்க வேணாம். நேரா கடைசிப் பதிவுக்குப் போங்க. கூப்பிட வேண்டிய எண்கள் அங்க இருக்கு.

4/
நான் முதன்முதலா வாங்கின துப்பாக்கி எது தெரியுமா? இஷாப்பூர் 2ஏ1. கொல்கத்தா பக்கத்துல இஷாப்பூர்ல, நம்ம அரசாங்கத் தொழிற்சாலையில செஞ்சது. பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளோட அதே உருவம். ஆனா .303 தோட்டாவுக்குப் பதிலா 7.62 நேட்டோ தோட்டா. 1962 சீனப் போருக்குப் பிறகு, அறுபதுகளில் தயாரானது. வேலை முடிஞ்சதும் உபரிச் சரக்கா கப்பலேறி அமெரிக்கா வந்துடுச்சு. ஊரை விட்டு வந்த கதையில எனக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

5/
சின்ன வயசுல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல பாரா நிக்கிறவர் தோளில் தொங்குமே, "த்ரீ நாட் த்ரீ", அதோட தம்பின்னு வெச்சுக்கோங்க. இங்க ஒரு கண்காட்சியில, மேசை மேல பத்தோட பதினொண்ணா கிடந்தது. பக்கத்துல ஆர்.எஃப்.ஐ. முத்திரை, 1966ன்னு வருஷம். அதைத் திருப்பி வெச்சிட்டு வர மனசு வரல.

6/
வாங்கின பிறகுதான் இது ஒரு தனி உலகம்னு புரிஞ்சது. 50 வருஷம் தாண்டின துப்பாக்கிகளை இங்க சட்டமே "கியூரியோ அண்ட் ரெலிக்" என்று தனி வகையில வெச்சிருக்கு. சேகரிப்பவர்களுக்குன்னு தனி லைசென்ஸ் உண்டு. போல்ட்டில் இருக்கிற நம்பரும் உடம்பில் இருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தா மதிப்பு கூடும். பழைய மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மதிப்பு போச்சு. யாரோ ஒரு சிப்பாய் கையில பட்ட கீறல் அது. அதை அழிக்கக் கூடாது. துணியில ஆளிவிதை எண்ணெய் தொட்டு மெதுவா துடைக்கலாம், அவ்வளவுதான்.

7/
இன்னொரு கோஷ்டி ஏஆர்-15 கோஷ்டி. ஏஆர் என்றால் "அசால்ட் ரைஃபிள்" இல்ல, "ஆர்மலைட் ரைஃபிள்". அந்தக் கம்பெனியில யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைச்சது. 1959ல் உரிமையை கோல்ட் கம்பெனி வாங்கிச்சு. 1977ல் காப்புரிமை முடிஞ்சதும் ஊர்ப்பட்ட கம்பெனிகள் இறங்கிட்டாங்க. ஒருத்தர் செய்ற பேரல், இன்னொருத்தர் செய்ற கைப்பிடி, மூணாவது ஆள் செய்ற ஸ்டாக், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும்.

8/
சட்டப்படி சீரியல் நம்பர் பொறிச்ச "லோயர் ரிசீவர்" ஒண்ணுதான் துப்பாக்கி. அதைக் கடையில வாங்கணும்னா 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. மத்த பாகமெல்லாம் கூரியர்ல வாசலுக்கே வரும். ரிச்சி தெருவில் மதர்போர்டு, ரேம், கேபினட்னு தனித்தனியா பேரம் பேசி வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண தலைமுறை நாம. நமக்கு இது எப்பேர்ப்பட்ட இழுப்புன்னு நான் சொல்லணுமா?

(எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கிறதே மத்திய சட்டப்படி குற்றம். நண்பன் தர்றான்னு வாங்கிடாதீங்க.)

9/
வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு இது வன்முறை ஆசை மாதிரி தெரியும். உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும், இதுல முக்கால்வாசி நேரம் திருகாணி, எண்ணெய்த் துணி, பொறுமை. மூச்சை விட்டு, பாதியில நிறுத்தி, விரலை மெல்ல அழுத்தும் அந்த ரெண்டு வினாடியில ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் பேப்பர், தூக்கமில்லாத டியூட்டி எதுவும் மண்டைக்குள்ள இருக்காது. எனக்கு அது தியானம் மாதிரி. அதை நான் மறைக்கப் போறதில்ல.

10/
ஆனா டாக்டர் புத்தி சும்மா இருக்காதே. மரம் ஏறுறவரைப் பார்த்தா முதுகெலும்பும், பட்டாசு சுத்துறவரைப் பார்த்தா கையும் எங்க கண்ணுக்குத் தெரியும். அதே மாதிரி இந்தப் பொழுதுபோக்குல யாருக்கு அடிபடுதுன்னு பார்த்தா, சினிமாவில வர்ற மாதிரி ஜன்னல் வழியா குதிக்கிற திருடனுக்கு இல்ல. பெரும்பாலும் வாங்கினவருக்கே. காது, ரத்தம், மனசு. இந்த மூணு இடத்துல.

11/
முதல்ல காது. ஒரு வெடிச்சத்தம் 140 டெசிபலில் இருந்து 170 வரை போகும். உள்காதில் இருக்கிற மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தா திரும்ப முளைக்காது. வலது கைக்காரர்களுக்கு இடது காதுதான் முதல்ல போகும். ஏன்? ரைஃபிளைத் தோளில் வெச்சுத் தலையைச் சாய்க்கும்போது இடது காது குழல் முனையைப் பார்த்து நிக்குது. வலது காதுக்குத் தலையே மறைப்பு. ஆடியோகிராம் பார்த்துட்டு "நீங்க துப்பாக்கி சுடுவீங்களா?"ன்னு கேட்டா நோயாளி ஆச்சரியப்படுவார். இது ஜோசியம் இல்லீங்க, வரைபடத்துலயே தெரியும்.

12/
காதுக்குள்ள பஞ்சடைப்பான், அதுக்கு மேல காதுமூடி. ரெண்டும் சேர்த்துப் போடுங்க, முக்கியமா கூரை போட்ட ரேஞ்சில். "ஒரு ரவுண்டுதானே" என்று கழட்டாதீங்க. காதுக்குள்ள ராப்பகலா "ஙொய்ய்ய்"னு ஒரு சத்தம் வாழ்நாள் முழுக்க கேக்கும்போது அந்த ஒரு ரவுண்டு ஞாபகம் வரும். அதுக்கு எங்ககிட்ட மாத்திரை இல்ல.

13/
ரெண்டாவது ரத்தம். அதாவது ஈயம். தோட்டாவின் முனையில மட்டும் இல்ல, அடியில் தீப்பொறி கொடுக்கிற பிரைமரிலும் வழக்கமா ஈயச் சேர்மம் உண்டு. ஒவ்வொரு தடவை சுடும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசா அது பறக்கும். மூச்சில் போகும், கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும். காலித் தோட்டாவைப் பொறுக்கி, சுத்தம் பண்ணி, திரும்ப மருந்து நிரப்புறவங்களுக்கு இன்னும் அதிகம்.

14/
பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினாலே இப்ப "கூடுதல்"னு கணக்கு. குழந்தைகளுக்கும் அதே 3.5தான் எச்சரிக்கை அளவு. ஆனா வளர்ற மூளைக்கு "இவ்வளவு ஈயம் பரவாயில்ல"ன்னு ஒரு அளவே கிடையாது. வயித்து வலி, அசதி, எரிச்சல், ஏறுற பிரஷர்னு சுத்திச் சுத்தி டெஸ்ட் எடுத்துட்டு, கடைசியில "வாரக் கடைசியில என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டதும் விடை கிடைச்ச கேஸ் உண்டு.

15/
செய்ய வேண்டியது சிம்பிள். ரேஞ்சில் சாப்பிடாதீங்க. முடிஞ்சதும் சோப்பு போட்டு கை, முகம் கழுவுங்க. செருப்பு, ஷூ வாசலுக்கு வெளியே. இதை நமக்குச் சொல்லியா தரணும், பாட்டி சொன்னதுதான். அந்தத் துணியைத் தனியா துவைங்க. அதுக்கு முன்னாடி பிள்ளையைத் தூக்காதீங்க. அடிக்கடி போறவங்க வருஷம் ஒரு தடவை ரத்தத்துல ஈயம் பாத்துடுங்க.

16/
இனி மூணாவது. இந்த இழையை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். உங்க மனசுல என்ன படம் ஓடுது? பள்ளிக்கூடம், கும்பல் சண்டை, கொள்ளை? கொலை 20,958. தற்கொலை 26,328. பாதிக்கும் மேல, தன் கையால தன்னையே.

17/
"சாகணும்னு நினைக்கிறவன் எப்படியும் சாவான் டாக்டர், துப்பாக்கி என்ன பண்ணும்?" எத்தனை தடவை கேட்டிருக்கேன் இந்த வசனத்தை! படிச்சவங்களே சொல்வாங்க. இது உண்மை இல்ல.

கலிஃபோர்னியாவில் 2 கோடிக்கும் அதிகமானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020ல் வெளியாச்சு. கைத்துப்பாக்கி வெச்சிருந்த ஆண்கள், இல்லாத ஆண்களைவிட 3 மடங்குக்கும் மேல தற்கொலையில இறந்திருக்காங்க. ஆனா துப்பாக்கி அல்லாத வழிகளில் இறந்தவங்க கணக்கைப் பார்த்தா, வெச்சிருந்தவங்க பக்கம் கூடுதலா இல்ல. அதாவது துப்பாக்கிக்காரங்க எல்லாம் சாக நினைச்சவங்க இல்ல. கெட்ட ஒரு ராத்திரியில கையெட்டும் தூரத்துல அது இருந்தது. அதுதான் வித்தியாசம்.

18/
ஹூஸ்டனில், மயிரிழையில் பிழைச்ச இளவயசுக்காரங்க 153 பேரிடம் ஒரு கேள்வி கேட்டாங்க. "முடிவு எடுத்ததுக்கும் முயற்சி பண்ணதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?" நாலில் ஒருத்தருக்கு 5 நிமிஷம்கூட இல்ல. பத்தில் ஏழு பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள.

இன்னொரு உண்மை. ஒரு தடவை முயற்சி பண்ணிப் பிழைச்சவங்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையில இறக்கிறதில்ல. பிழைச்சு, கல்யாணம் காட்சி பாத்து, பேரன் பேத்தி எடுத்து, வயசாகிப் போய்ச் சேர்றாங்க. துப்பாக்கியில அந்த இரண்டாவது வாய்ப்பு அநேகமா யாருக்கும் கிடைக்கிறதில்ல. சிக்கல் அங்கதான்.

19/
இது எனக்கு அமெரிக்கா வந்து தெரிஞ்ச பாடம் இல்ல. தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜனா இருந்தப்பவே தெரியும். ராத்திரி டியூட்டின்னா "மருந்து குடிச்ச கேஸ்" இல்லாம விடியாது. நம்ம ஊர்ல டாக்டரா இருந்த யாரைக் கேட்டாலும் இந்த மூணு வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். வயலுக்கு வாங்கின பூச்சி மருந்து, கூரைச் செருகல்ல, கட்டிலுக்கு அடியில.

20/
நாலு நாள் கழிச்சு கண்ணு முழிச்சதும் அவங்க சொல்றது என்ன தெரியுமா? "ஏதோ கோவத்துல பண்ணிட்டேன் சார்." "அவர் அப்படிப் பேசினதும் எனக்கு ஒண்ணுமே புரியல சார்." "என் பிள்ளையை வரச் சொல்லுங்க சார்." நான் பார்த்தவங்களில் ரொம்பப் பேர் சாவை விரும்பினவங்க இல்ல. ஒரு பத்து நிமிஷத்தைத் தாங்க முடியாதவங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கையில என்ன கிடைச்சதுங்கிறதுதான் அவங்க தலையெழுத்தா ஆச்சு.

21/
இதைப் புரிஞ்சுக்கிட்டு காரியம் பண்ணவங்களும் நம்ம ஆளுங்கதான். சென்னையில் 1986ல் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துல ஒரு சோதனை செஞ்சார். கிராமத்துக்குப் பொதுவா ஒரு அறை. உள்ளே வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகள். பூச்சி மருந்து விவசாயியோடதுதான், பெட்டியும் அவரோடதுதான். ஆனா அது வீட்ல இல்ல. அறைக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு.

யாரும் யார் மருந்தையும் பிடுங்கல. "நீ விவசாயம் பண்ணாதே"ன்னு சொல்லல. கோபம் வந்த ராத்திரிக்கும் மருந்துக்கும் நடுவுல ஒரு தெரு தூரத்தையும் இன்னொரு மனுஷனையும் வெச்சாங்க. அந்தக் கிராமங்கள்ல தற்கொலை குறைஞ்சது. ஆய்வு 2013ல் வெளியாச்சு.

22/
இலங்கையை எடுத்துக்கோங்க. 1990களின் நடுவுல உலகத்திலேயே அதிகமா தற்கொலை நடந்த நாடுகளில் ஒண்ணு. 1995லும் 1998லும் கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைத் தடை செஞ்சாங்க. 2005க்குள்ள தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாச்சு. போர் நின்னுடல, வறுமை தீர்ந்துடல, காதல் தோல்வி ஒழிஞ்சுடல. கைக்கு எட்டினது மாறிச்சு.

23/
இஸ்ரேல் ராணுவத்துல வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போற இளம் சிப்பாய்கள் ரைஃபிளையும் கூடவே எடுத்துட்டுப் போவாங்க. 2006ல் "முகாம்லயே வெச்சிட்டுப் போ"ன்னு மாத்தினாங்க. தற்கொலை சுமார் 40% குறைஞ்சது. அதுவும் வாரக் கடைசியில. வார நாட்களில் பெரிய மாற்றம் இல்ல. அதே பையங்க, அதே துப்பாக்கி. ரெண்டு நாள் மட்டும் பிரிஞ்சிருந்தாங்க.

24/
சரி, இதை அமெரிக்காவில் டாக்டர் சொன்னா என்ன ஆகும்? ஃபுளோரிடாவில் 2011ல், காரணம் இல்லாம நோயாளியிடம் துப்பாக்கி பத்திக் கேட்கவே கூடாதுன்னு டாக்டர்களுக்கு ஒரு சட்டமே போட்டாங்க. 2017ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து பண்ணிச்சு. 2018ல் தேசிய ரைஃபிள் சங்கம் "டாக்டர்கள் அவங்க வேலையைப் பாக்கட்டும்"ங்கிற தொனியில ட்வீட் போட, ரத்தம் தோய்ஞ்ச ஆபரேஷன் உடுப்போட டாக்டர்கள் போட்டோ போட்டு "இதுதான் எங்க வேலை"ன்னு பதில் சொன்னாங்க. நாளெல்லாம் ஓடிச்சு அந்தச் சண்டை.

25/
ஆனா சத்தமில்லாம வேலை நடந்த இடம் வேற. நியூ ஹாம்ப்ஷயரில் 2009ல், ஒரே வாரத்துக்குள்ள, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத மூணு பேர் ஒரே கடையில துப்பாக்கி வாங்கி, வாங்கின சில மணி நேரத்துல இறந்துபோனாங்க. கடைக்காரர் ரால்ஃப் டெமிக்கோ அதிர்ந்துபோனார். "நான் சட்டப்படி வித்தேன்"னு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கல. பொது சுகாதார ஆட்களோட உட்கார்ந்து, மத்த கடைக்காரங்களையும் சேர்த்து, ஒரு திட்டம் போட்டார். சந்தேகமா இருந்தா விக்காதே, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு குறிப்பு, கடையில ஒட்ட போஸ்டர். மாநிலத்துல கிட்டத்தட்ட பாதிக் கடைகள் ஒட்டினாங்க.

26/
துப்பாக்கிப் பாதுகாப்புக்குப் "பத்துக் கட்டளை"ன்னு இங்க எல்லா ரேஞ்சிலும் உண்டு. எப்பவும் குண்டு இருக்குன்னே நினை, குழலை யார் பக்கமும் திருப்பாதே, சுடும் வரை விரலை வெளியே வை, இப்படி. நியூ ஹாம்ப்ஷயர்க்காரங்க அதுல பதினொண்ணாவதைச் சேர்த்தாங்க. வீட்ல யாருக்காவது தற்கொலை எண்ணம் இருக்கலாம்னு பட்டா, கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வை. டாக்டர் சொன்னா கேக்காதவங்க, கூடச் சுடுறவன் சொன்னா கேக்கறாங்க. அதனாலதான் நான் இஷாப்பூர்ல இருந்து கதையை ஆரம்பிச்சேன்.

27/
இப்ப ஒரு பெரியவர் பத்திச் சொல்றேன். அவர் அனுமதியோடதான் எழுதறேன், அடையாளங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். டெக்சாஸ்காரர், அறுபதுகளின் கடைசி. விமான மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். ரேஞ்சில எனக்கு வாத்தியார். மரக்கட்டையில கைப்பிடி வழுக்காம இருக்க குறுக்குக் கோடு செதுக்குவாங்க பாருங்க, அதை மெஷின் இல்லாம கையாலயே செதுக்குவார். பேத்திக்கு .22 ரைஃபிள் ஒண்ணு, அவள் கை நீளத்துக்குத் தகுந்த மாதிரி கட்டையைச் சுருக்கி, அவரே செஞ்சு வெச்சிருந்தார்.

28/
அவர் மனைவி கணையப் புற்றுநோயில இறந்தாங்க. நாலு மாசம் ரேஞ்சு பக்கம் வரல. ஒரு நாள் போன். "டாக், என் செதுக்குற உளி செட்டு முழுசையும் நீ வெச்சுக்கோ. எனக்கு இனிமே தேவைப்படாது." குரல் சாதாரணமாத்தான் இருந்தது. என் முதுகு சில்லிட்டுப் போச்சு.

உயிரா வெச்சிருந்த பொருளைத் திடீர்னு தானம் பண்றது ஒரு எச்சரிக்கை மணி. தூக்கம் போறது, குடி கூடுறது, "நான் எல்லாருக்கும் பாரம்"னு பேசறது, இதெல்லாமும்தான். குறிச்சு வெச்சுக்கோங்க.

29/
அன்னிக்குச் சாயங்காலமே போனேன். சுத்தி வளைக்காம கேட்டேன். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" நிறைய பேர் பயப்படறாங்க, கேட்டா நாமளே எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு. ஆகாது. ஆய்வுகள் தெளிவா சொல்லுது. கேக்கறது பாரத்தை இறக்கும்.

ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "சில ராத்திரி"ன்னார்.

30/
"அப்போ துப்பாக்கியெல்லாம் கொஞ்ச நாள் என் வீட்ல இருக்கட்டுமே." முகம் சிவந்து போச்சு அவருக்கு. "என் துப்பாக்கியை எவனும் வந்து எடுத்துட்டுப் போக முடியாது. நீ டாக்டரா வந்திருக்கியா, நண்பனா வந்திருக்கியா?"

"எடுத்துட்டுப் போக வரல. பாத்துக்க வந்திருக்கேன். லிஸ்ட் எழுதுவோம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். உங்க டாக்டரும் உங்க பொண்ணும் சரின்னு சொல்ற அன்னிக்கு ஒண்ணு விடாம கொண்டாந்து கொடுக்கிறேன்."

அன்னிக்கு ஒத்துக்கல. அவர் முன்னாலயே அவர் பொண்ணுக்குப் போன் போட்டேன். ராத்திரியோட ராத்திரியா வண்டி எடுத்துட்டு வந்துடுச்சு அந்தப் பொண்ணு. வந்து அப்பாவோட தங்கிட்டா. சேஃப் சாவி அன்னில இருந்து அவகிட்ட.

31/
ரெண்டு நாள் கழிச்சு, காலையில ஆறு மணிக்கு என் வீட்டு வாசல்ல அவரோட பிக்கப் டிரக். பொண்ணுதான் ஓட்டிட்டு வந்தா. பின்னாடி கம்பளி சுத்தி ஒன்பது துப்பாக்கி. சட்டைப் பையில மடிச்ச காகிதம். ஒவ்வொண்ணோட பேரும் சீரியல் நம்பரும் அவர் கையெழுத்துல, கோடு போட்டு, அவர் வேலை மாதிரியே நேர்த்தியா. "கட்டையில ஈரம் படாம பாத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னார். கண்ணைப் பார்க்கல.

32/
மனநல மருத்துவர்கிட்ட போக ஆரம்பிச்சார். மாத்திரை, கவுன்சலிங், துணையை இழந்தவங்க கூடற ஒரு குழு. முதல் ரெண்டு மாசம் பெருசா முன்னேற்றம் இல்ல. அப்புறம் மெதுவா சாப்பாடு ருசிச்சது, தூக்கம் வந்தது. ஆறாவது மாசம் டாக்டர், பொண்ணு ரெண்டு பேர் சம்மதத்தோட முதல்ல கேட்டு வாங்கினது எதைத் தெரியுமா? பேத்தியோட .22. அதுவும் பொண்ணு வீட்டு சேஃபுக்குத்தான் போச்சு. பேத்தி வளர்ந்துட்டா, கட்டையை இன்னும் ஒரு இஞ்சு நீட்டணுமாம். உளி செட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா போச்சு. இப்ப அவர் வீட்டு சேஃபோட எண் பொண்ணுக்கும் தெரியும், மாத்துற உரிமையும் அவளுக்கு உண்டு.

33/
இதுல நான் பண்ண மருத்துவம் ஒண்ணுமே இல்ல. நேரம் வாங்கிக் கொடுத்தோம். மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கு, ஆனா அது வேலை செய்ய வாரக்கணக்காகும். அதுவரைக்கும் ஆள் இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

(எங்க மாநிலத்துல நண்பன் இப்படி வாங்கி வெச்சுக்கத் தடை இல்ல. சில மாநிலங்களில் கைமாத்தினாலே சோதனை வேணும். சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் போலீஸ் நிலையங்களும் வாங்கி வெச்சுப்பாங்க. முன்கூட்டியே விசாரிச்சு வெச்சுக்கோங்க.)

34/
என் வீட்டு ஏற்பாட்டைச் சொல்றேன். எண் பூட்டு போட்ட சேஃப். தோட்டா தனியா, வேற பூட்டுல. எண்ணை மாத்துற உரிமை என் மனைவிக்கு உண்டு. எனக்கு ஏதோ சரியில்லன்னு அவளுக்குப் பட்டா, என்னைக் கேக்காமலே மாத்திடலாம். காரணம் சொல்ல வேணாம். நானும் சண்டை போடக் கூடாது. இதை நான் நல்லா இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடிவு பண்ணோம். ஏன்னா நல்லா இல்லாத அன்னிக்கு என்னால நியாயமா பேச முடியாது. டாக்டர்ங்கிறதால மனசு உடையாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல.

35/
பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா இன்னும் ஒண்ணு. "எங்க பையனுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது"ன்னு சொல்லாதீங்க. தீபாவளிப் பலகாரத்தை நம்ம அம்மா எங்க ஒளிச்சு வெச்சாலும் நாம கண்டுபிடிக்கலையா? ஒளிக்கிறது வேற, பூட்டுறது வேற. பிள்ளை விளையாடப் போற வீட்லயும் கேளுங்க. நிலக்கடலை அலர்ஜி இருக்குன்னு கூச்சமில்லாம சொல்றோம்ல? அதே மூச்சில, "வீட்ல துப்பாக்கி இருந்தா பூட்டியிருக்கா?" நல்லவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. துப்பாக்கிக்காரன் நான் சொல்றேன், எனக்குக் கேக்கறவங்க மேல மரியாதைதான் வரும்.

36/
வாங்குங்க, வாங்காம இருங்க, அது உங்க வீட்டு விஷயம். வாங்கினா, மொத்தக் காசையும் ஸ்கோப்புலயும் டிரிகர்லயும் போடாதீங்க. முதல் செலவு பூட்டுக்கு. ரெண்டாவது, ஒரு பேச்சு. இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மனைவியோ, கணவரோ, அண்ணனோ, கூடச் சுடுற நண்பரோ, யாராவது ஒருத்தரோட உட்காருங்க. "எனக்கு எப்பவாவது மனசு சரியில்லாம போனா, சாவியை நீ வெச்சுக்கோ"ன்னு சொல்லிடுங்க. சொல்லும்போது சிரிப்பு வரும், கொஞ்சம் அசிங்கமாக்கூட இருக்கும். பரவாயில்ல. சொல்லிடுங்க.

37/
இப்பவே மனசு சரியில்லாம இருக்கீங்களா? இல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது? தனியா இருக்காதீங்க, கூப்பிடுங்க.

அமெரிக்கா: 988 (போன் அல்லது மெசேஜ்)
தமிழ்நாடு: 104
இந்தியா முழுக்க, டெலிமானஸ்: 14416 (தமிழிலும் பேசலாம்)
சென்னை ஸ்நேகா: 044-24640050
இலங்கை: 1926

துப்பாக்கி வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இந்த இழையை அவருக்கு அனுப்புங்க. கூடவே, "இரண்டாவது சாவியை நான் வெச்சுக்கட்டுமா?"ன்னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க.